வெதைக்கும் ஒரு டெஸ்ட்டு

லேப் கவுன்ட்டர்ல உக்காந்தவனுக்குத்தான் தெரியும்: சுகர் டெஸ்ட்டுக்கு வர்றவன் கத்துவான், இந்த டெஸ்ட்டுக்கு வர்றவன் காதுல கிசுகிசுப்பான். காலேஜ்ல பாட்டனி படிப்பைப் பாதியில வுட்டுட்டு, கிழக்குத் தாம்பரம் லேப் ஒண்ணுல ரெண்டு வருசம் சாம்பிள் டப்பா நீட்டின ஆளு நான். கவுன்ட்டர்ல குந்தின பாவப்பட்ட ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

எந்தக் கை?

மாடம்பாக்கத்துலேர்ந்து ஏகாம்பரம் அண்ணன், பொண்டாட்டி வள்ளியக்காவோட வந்தாரு. கல்யாணமாகி ஆறு வருசம், கொழந்தை இல்ல. அக்காவுக்கு எடுக்காத டெஸ்ட்டு இல்ல, எல்லாம் நார்மல். ஆனாலும் மாமியார் பையனுக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சாச்சு. இந்த வாட்டி டாக்டர் சீட்டுல அண்ணன் பேரைப் போட்டு, கீழ 'ஸ்பெர்ம் கவுன்ட்'னு எழுதியிருந்தாங்க.

"ஆம்பளைக்கு இன்னா டெஸ்ட்டு? அவளுக்கே இன்னொரு வாட்டி ரத்தம் எடு"ன்னாரு. அக்கா சேலையை ஒதுக்கி என்கிட்ட கையை நீட்டிச்சு.

"போன வாட்டி இந்தக் கை. இன்னிக்கு அந்தக் கையில எடு தம்பி."

மேரியக்காவின் கிரேக்கம்

டெக்னீஷியன் மேரியக்கா ஊசியை எடுக்கல. அவங்க வூட்டுக்காரர் பாஸ்டர், கிரேக்கம் படிச்சவர். "சார், ஸ்பெர்ம்னா அசிங்கமான வார்த்தை இல்ல. கிரேக்கத்துல 'ஸ்பெர்மா'. விதைக்கிறதுங்கிற சொல்லுலேர்ந்து வந்தது. விதைன்னு அர்த்தம். பைபிள்ல சந்ததிக்கும் அதே வார்த்தைதான்"னாங்க. ஏகாம்பரம் நிமிர்ந்தாரு. வயல் ப்ளாட்டாயிட்டாலும் மனுசன் விவசாயி.

"வெதையா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வெதைநெல்லை ஈரச் சாக்குல கட்டி, மொளை வுடுதான்னு பாக்காம நாங்க வயல்ல போட்டதே இல்லக்கா!"

ஐஸ்

டப்பாவைக் குடுத்து, "மூணு நாள் விலகியிருந்துட்டு, வூட்ல எடுத்த அரை மணி நேரத்துல கொண்டாந்துடுங்க"ன்னேன். நாலாம் நாள் காலையில பெரிய ப்ளாஸ்க்கோட வந்தாரு. தொறந்தா முழுக்க ஐஸ், நடுவுல டப்பா! குளுர்ல எல்லாம் செத்துப்போச்சு. சட்டைப் பாக்கெட்ல, உடம்புச் சூட்டுல எடுத்துனு வரணும்னு நான் சொல்லல. தப்பு என்னுது.

"வழியில கெட்டுப்பூடுமேன்னு கேம்ப் ரோட்ல ஐஸ் வாங்கிப் போட்டேன். மீன்காரனுக்கு இருக்குற அறிவு நமக்கு வாணாமா தம்பி?"

ரிசல்ட்டு

ரெண்டாவது வாட்டி ஒழுங்கா வந்துச்சு. எண்ணிக்கை ரொம்பக் கம்மி. மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னாங்க டாக்டர். ஏகாம்பரம் பெஞ்சுல குந்திகினு ரிப்போர்ட்டையே பாத்தாரு. "இத்தினி வருசம் நெலத்தையே திட்டிட்டேனே வள்ளி"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு. அக்கா அந்த ரிப்போர்ட்டை மடிச்சு அவர் பாக்கெட்லயே சொருகிச்சு.

"அழுவாத. மொதல்ல இத்த எட்த்துனு போய் உங்கம்மா கையில குடு. பொண்ணு பாக்க செங்கல்பட்டு பஸ் ஏறிடப் போவுது!"

காலேஜ்ல நான் பாதியில வுட்ட பாட்டனியோட வெதைப் பாடம், ஏகாம்பரம் அண்ணனோட ப்ளாஸ்க்குலதான் முடிஞ்சுது.