ரெண்டாவது ஆளைக் கேட்டீங்களா?

திங்கட்கிழமை காலை நாலே முக்கால் மணிக்கு எனக்குப் பாதி முகத்துக்கு மட்டும் மேக்கப் போட்டிருந்தது. அப்போதுதான் தொலைபேசியில் ரெஜினா மேடத்தின் எண் வந்தது. ஆபீஸ் வண்டி இன்னும் வரவில்லை என்று திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கும் குரலிலேயே "குட் மார்னிங் மேடம்" என்றேன். பேசியவர் அவருடைய தம்பி அருள்.

"சார், அக்கா போயிட்டாங்க. டியூட்டிக்கு ரெடியாயி, வண்டி வர்ற வரைக்கும்னு சேர்ல உக்காந்தாங்க. எழுந்திருக்கல, சார்."

தொலைபேசியை வைத்துவிட்டார். மேக்கப் மேசையில் கிடந்த தாளை இழுத்து, என் கை தானாக எழுதியது: ரெஜினா. அதன் கீழே ஒரு வட்டம், உள்ளே ஒன்று என்ற எண், பக்கத்தில் 'தம்பி'. அதற்கும் கீழே இன்னொரு வட்டம், இரண்டு. அதற்குப் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை. இறந்தவர் யாராக இருந்தாலும் இரண்டு பேர் சொல்லாமல் எங்கள் செய்தியில் படிக்க மாட்டோம். ஒருவர் வீட்டு ஆள், மற்றவர் தன் கண்ணால் பார்த்த ஆள். இந்த வழக்கத்தை உண்டாக்கியவரே ரெஜினா மேடம்தான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொம்மலூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இயங்கும் சிறிய தமிழ்த் தொலைக்காட்சி எங்களுடையது. பெங்களூருத் தமிழர்களுக்காக ஏழு மணிக்கு அரை மணி நேரச் செய்தி, எட்டு மணிக்குப் பத்து நிமிடச் சுருக்கம். செய்தி வாசிப்பவன் நான், பாஸ்கர். ரெஜினா மேடம் காலைச் செய்தியின் தயாரிப்பாளர். என்ன படிப்பது, எந்த வரிசையில் படிப்பது, எதைத் தூக்கி எறிவது என்று முடிவு செய்கிறவர் அவரே. நான் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் அவர் வந்தார். 'நேற்று வந்தவர் எனக்குச் சொல்வதா' என்ற கடுப்பு எனக்கு முதல் நாளே இருந்தது.

அந்த முதல் நாள் நடந்ததையும் மறைக்கப் போவதில்லை. மூன்றரை மணிக்கு எழுகிறவனுக்குப் பேன்ட் ஒரு சுமை. கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்பதால், மேலே கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, கீழே கட்டம் போட்ட அரை டிரவுசரோடு பல வருடம் செய்தி வாசித்து வந்தேன். இது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. செய்தி முடியும்போது அழகாக இருக்கட்டும் என்று அவர் கேமராவைப் பின்னால் இழுக்கச் சொன்னார். மேசை, நாற்காலி, என் முழங்கால்கள் எல்லாம் காட்டப்பட்டுவிட்டன. நான் கோபத்தோடு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அவர் சிரிக்கவே இல்லை.

"கீழயும் ஒரு மனுஷன் இருக்காருன்னு எனக்கு யாரும் சொல்லல. நான் கேக்காதது என் தப்பு. டிரவுசர் உங்க தப்பு. நாளைக்கும் இதே ஷாட் வைப்பேன், பாஸ்கர்."

மறுநாளும் வைத்தார். நான் பேன்ட் போட்டிருந்தேன். பிறந்ததிலிருந்து விவேக் நகரில் வாழ்ந்தவர் அவர். வண்டி ஓட்டும் மஞ்சுநாத்திடம் கன்னடத்தில் வீட்டு நலன் விசாரித்துக்கொண்டே, அதே மூச்சில் என்னைத் தமிழில் திட்டுவார். எங்களுக்குள் நட்பு வர ஒரு வருடம் ஆனது. அதற்குக் காரணமாக இருந்ததும் என் தவறுதான்.

ஒரு நாள் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் வாட்ஸப்பில் ஒரு தகவல் வந்தது. நீலசந்திராவில் வசித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானமுத்து காலமானார் என்று, படத்தோடு. அந்தப் பகுதியில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். முதலில் நாம்தான் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், மேடத்திடம் கேட்காமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, உள்ளூர்ச் செய்திகளுக்கு நடுவே படித்துவிட்டேன். காதில் மாட்டியிருந்த இயர்பீஸில் அவர் குரல் வந்தது: "இது யாரு சொன்னது?" அதற்குள் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

இரண்டு நிமிடத்தில் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ஞானமுத்து. "நான் இன்னும் காப்பியே குடிக்கலப்பா, அதுக்குள்ள அனுப்பி வச்சிட்டீங்களே" என்று சொன்னாராம். இறந்தவர் வேறு யாரோ. யாரோ தவறான படத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

விளம்பர இடைவேளையில் நான் மேடத்திடம் கெஞ்சினேன். திரையின் கீழே ஓடும் வரியில் திருத்தத்தைப் போட்டுவிடலாம், என் வாயால் வேண்டாம் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எந்த வாய் சொல்லுச்சோ அந்த வாய்தான் திருத்தணும். எங்க சொன்னீங்களோ அங்கயே உக்காந்து சொல்லுங்க. அப்புறம் அடுத்தது."

சொன்னேன். காது கொதித்தது. முடிந்ததும் இயர்பீஸில் அவர் "ம்" என்றார். பிறகு "அடுத்தது" என்றார். அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. எட்டு மணிச் செய்தி முடிந்ததும் என்னை நீலசந்திராவுக்கு அழைத்துப் போனார். வாசலில் மாலைகளோடு நாலைந்து பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். அவர் மனைவி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓசூரிலிருந்து அவர்களுடைய மகள். நான் படித்ததைக் கேட்டவுடன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். திருத்தத்தைப் பார்க்கவில்லை. அழுத அழுகையில் தொலைபேசியையும் எடுக்கவில்லை. வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்து, குழந்தையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ரெஜினா மேடம் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "நாம திருத்தினது அந்தப் பொண்ணுக்குப் போய்ச் சேரல, பார்த்தீங்களா. இனிமே ரெண்டு பேரு சொல்லாம ஒரு சாவையும் படிக்கக் கூடாது. ஏழு மணிக்கு முடியலைன்னா எட்டு மணிக்கு. எட்டுக்கும் முடியலைன்னா நாளைக்கு. செத்தவங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அன்று முதல் அந்த இரண்டு வட்டங்கள். அமைச்சராக இருந்தாலும், நடிகராக இருந்தாலும், மற்ற எல்லாச் சேனல்களும் சொல்லி முடித்திருந்தாலும், எங்கள் மேசையில் அவருடைய கேள்வி ஒன்றுதான்: "ரெண்டாவது ஆளைக் கேட்டீங்களா?" இதனால் பல செய்திகளில் நாங்கள் கடைசியாக வந்திருக்கிறோம். நிர்வாகி தலையில் அடித்துக்கொள்வார். மேடம் அசைய மாட்டார்.

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். மழை கொட்டித் தீர்த்த ஒரு காலை, விவேக் நகரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, எங்கள் கட்டடத்துப் படியிலேயே வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "ஏழரைக்கு மேல ஆஸ்பத்திரி தெறந்துதான் இருக்கும்" என்றார். மேக்கப் போடுகிறவர் வரவில்லை. நான் வீட்டு இருட்டில் மாட்டிக்கொண்டு வந்த செருப்புகளில் ஒன்று என்னுடையது, மற்றது என் மனைவியுடையது. ஆறு ஐம்பதுக்குப் பிராம்ப்டர் நின்றுபோனது. கேமராவுக்கு முன்னால் எழுத்துகளை ஓடவிட்டு எங்களைப் படிக்க வைக்கும் திரை அது. அது இல்லாவிட்டால் நான் பாதி ஊமை. ரெஜினா மேடம் செய்திகளைப் பெரிய எழுத்தில் தாள்களில் எழுதி, கேமராவுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நல்ல கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். படித்து முடித்த தாளை வாயால் கவ்விப் பக்கத்தில் போட்டார். அரை மணி நேரம். ஒரு செய்தியும் விட்டுப்போகவில்லை. பிறகுதான் மாவுக்கட்டுப் போடப் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் பிறந்தநாளுக்குக் கேக்கை அவரே வாங்கி வருவார். காலை ஐந்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் நாங்கள் ஆறு பேரும் கைதட்டுவோம். ஐந்து, ஒன்பது என்று எண் வடிவத்தில் இரண்டு மெழுகுவர்த்திகள். ஏற்றுவார், ஊதுவார், உடனே துடைத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வார். வீணாக்கக் கூடாதாம். மகா கஞ்சம் என்று கேலி செய்வோம். அந்த நேரத்தில் எங்கள் கண்ணில் கேக்கைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அருளைத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நிர்வாகி கூப்பிட்டார். எல்லா வாட்ஸப் குழுக்களிலும் செய்தி வந்துவிட்டது, இரங்கல் குவிகிறது, நம் ஆளைப் பற்றி நாமே முதலில் சொல்லாவிட்டால் அசிங்கம், இதில் என்ன சந்தேகம் என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாவது வட்டம் காலியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதைக் காலியாகவே வைத்திருக்கத்தான் மனம் ஆசைப்பட்டது. ஞானமுத்து சாரைப் போல அவரும் கூப்பிட்டு, நான் இன்னும் காப்பி குடிக்கவில்லை என்று சொல்லக்கூடாதா என்று எதிர்பார்த்தேன்.

அரை மேக்கப்போடு கீழே இறங்கினேன். மஞ்சுநாத் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான். விவேக் நகரில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுச் சந்தில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நீலப் புடவை, ஒரு மடிப்பும் கலையவில்லை. அலுவலக அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. காலைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். பிறகு சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, இரண்டாவது வட்டத்துக்குப் பக்கத்தில் 'நான்' என்று எழுதினேன்.

ஆறு இருபதுக்குத் திரும்பிவிட்டேன். அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அழுதுகொண்டே படித்தால் ஜனங்கள் செய்தியைப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் சொல்வது. ஏழு மணிக்கு, தண்ணீர் லாரிகள், மெட்ரோ வேலை எல்லாம் முடிந்த பிறகு, உள்ளூர்ச் செய்திகளில் படித்தேன். "எங்கள் காலைச் செய்தியின் தயாரிப்பாளர் ரெஜினா அவர்கள் இன்று அதிகாலை காலமானார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது." குரல் உடையவில்லை. நன்றாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஏழே முக்காலுக்கு அருள் கூப்பிட்டார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். அக்காவுக்கு அறுபத்தொண்ணு. அறுபதானா அனுப்பிடுவீங்கன்னு ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. ஆனா கல்லறையில சரியாத்தானே எழுதணும். டிவில ஒண்ணு, கல்லுல ஒண்ணு இருந்தா அக்காவுக்கே புடிக்காது, சார்."

அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். ஐந்தும் ஒன்பதும் இருந்தன. இரண்டும் பாதிக்குக் கீழே உருகியிருந்தன. ஒரே ஒரு முறை ஏற்றி ஊதிய மெழுகு அவ்வளவு கரையாது. மூன்று பிறந்தநாளாக அதே ஐம்பத்தொன்பதை எங்கள் மூக்கின் முன்னால் ஏற்றி ஊதியிருக்கிறார். ஊருக்கெல்லாம் இரண்டாவது ஆள் கேட்டவரைப் பற்றி நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த விடியற்கால வேலையை விட மனமில்லாமல் எங்களை அழகாக ஏமாற்றியிருக்கிறார்.

நிர்வாகி விட்டுவிடச் சொன்னார். இறந்தவரின் வயதில் இரண்டு வருட வித்தியாசத்துக்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள், அவர் பெயர்தான் கெடும் என்றார். நான் மேடத்தின் தங்கையைக் கூப்பிட்டு வயதைக் கேட்டேன். அவரும் அறுபத்தொன்று என்றார். அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். "ஒரு திருத்தம். எங்கள் தயாரிப்பாளர் ரெஜினா அவர்களின் வயது ஐம்பத்தொன்பது என்று ஏழு மணிச் செய்தியில் சொன்னேன். அது தவறு. அவருக்கு வயது அறுபத்தொன்று. கேட்காமல் படித்தது என் தவறு."

இந்த இடத்தில்தான் இயர்பீஸில் "ம்" என்று வரும். வரவில்லை. அந்த அமைதியில் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. சில நொடிகள் கழித்து, அன்று அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த நந்தினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்தது, சார்" என்றார். அடுத்தது வானிலை. மாலையில் மழை வரலாம் என்று படித்தேன்.

மாலையில் மழை வந்தது. அடக்கத்துக்கு நாங்கள் ஆறு பேரும் நனைந்துகொண்டே நின்றோம். நான் பேன்ட் போட்டிருந்தேன், இரண்டு செருப்பும் என்னுடையவை.

போய் வாருங்கள், மேடம். உங்கள் வயதைச் சொன்ன வாயாலேயே திருத்திவிட்டேன். இந்த முறை ரெண்டாவது ஆளையும் கேட்டுவிட்டேன்.