போகும்போது சொல்லும் சொல்

வீட்டில் அடி தாங்காமல் வந்த பெண்கள் தங்கும் இல்லம் அது, மாத்தளையில். அங்கே சமைத்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. குட்டை உருவம், தோளில் எப்போதும் ஈரத் துவாய். பிளேன்டீ ஊற்றினால் அவரவர் கோப்பையை மாறாமல் தருவார்.

கணவன் போனில் அழுததும் கிளம்பிவிட்டேன். வாசலில் வழக்கம்போல், “போயிட்டு வர்றேன்க்கா” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இங்க மட்டும் அப்படிச் சொல்லாத புள்ள. போறேன்னு சொல்லு.”

எந்த வீட்டிலும் சொல்லக்கூடாத சொல். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இரண்டே மாதத்தில் உதடு கிழிந்து திரும்பினேன். அக்கா என் பழைய கோப்பையை எடுத்தார்.

“இத வேற யாருக்கும் குடுக்கலையாக்கா?”

“வராதன்னுதான் சொன்னேன். வந்தா குடிக்க வேணாமா?”

அடுத்த முறை கிளம்பியபோது நானாகவே “போறேன்க்கா” என்றேன். துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது நாவுலையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை, தனி அறை. மாத்தளை பஸ்ஸைக் கண்டால் அந்த அடுப்படிக்கு மனம் ஓடுகிறது. ஆனால் அங்கே விருந்தாளியாகப் போக முடியாது. அடிபட்டுப் போனால்தான் அந்தக் கதவு திறக்கும்.

என் கோப்பையில் இப்போது குடிப்பவள் யாரோ.