மணி தின்ற தோல்

நாய்க்கு வயிற்றுப்போக்கு என்று வேலூரில் டாக்டரிடம் போனேன். அது கடித்து ஊறிப்போன, கடையில் வாங்கிய மாட்டுத்தோல் எலும்பை நீட்டினேன். "இது செரிக்காது, நிறுத்திடுங்க" என்றார்.

ஊறிய தோலின் அந்த வாடை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆம்பூரில், அப்பா தான் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து சுண்ணாம்பில் ஊறிய துண்டுகளை அலசிக் கொண்டுவருவார். எங்கள் நாய் மணி தாவித் தாவித் தின்னும். பிறகு வாசலெல்லாம் வாந்தி. "பக்கத்து வீட்டு ஜபீன் போடுற பிரியாணி எலும்புதான்" என்று அம்மா சண்டைக்குப் போனாள். ஜபீன் அக்கா எலும்பை நிறுத்தினாள், எங்களோடு பேச்சையும். வாந்தி நிற்கவில்லை.

அப்பாவுக்கு போன் செய்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"மணி ஆசையா தின்னுச்சேப்பா" என்றார். பிறகு கேட்டார்: "ஜபீன் வீட்டுக்காரங்க இப்ப எந்த ஊர்ல இருக்கறாங்க?"

யாரைக் கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை.