மாதுங்காவில் மாறிப்போன ரிஷபம்

அன்று மாதுங்கா மண்டபத்தில் முதலில் இடம் மாறியது ஆர்மோனியமா, குழந்தைகளா, என் குரலா? ஊர் திரும்பிய பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். முதல் வகுப்பின் பாட்டு நேரத்தை அடுத்த ஆண்டு தையலுக்குக் கொடுத்துவிடப் பள்ளிக் கமிட்டி நினைக்கிறது. பம்பாய் இசைக் கல்வி மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டால் கமிட்டியிடம் பேசத் தமக்கு வாய் இருக்கும் என்றார் தலைமையாசிரியை. பாட்டே அறியாத குழந்தைகளுக்கு வாத்தியம் வேண்டாம், சுருதியும் டீச்சரின் குரலும் இருந்தால் ஸ்வரம் தானே பிடிபடும் என்பதுதான் கட்டுரை.

பதினொரு மாதக் குழந்தை ரவியை மடியில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பம்பாய் மெயிலில் ஏறினேன். எதிரே இருந்த, தாணேவுக்குப் போகும் அம்மாள், கைக்குழந்தையோடு மாநாடா, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். கணவர்தான் போய்வரச் சொன்னார் என்றேன். சொன்னது உண்மைதான், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். ராய்ச்சூர் தாண்டி யாரோ வைத்திருந்த கூஜா கவிழ்ந்து, பெஞ்சுக்கடியில் இருந்த என் சுருதிப் பெட்டி நனைந்தது. புனாவுக்குப் பிறகு மலைச்சரிவு முழுக்க மழை. தாதரில் இறங்கியபோது விடிந்தும் வெளிச்சம் வரவில்லை.

நான் அக்கா என்று கூப்பிடும் என் நாத்தனார் வீடு செம்பூரில், இரண்டே அறை. கொடியில் துணி காயாமல், ரவியின் துணிகளை அடுப்புக்கு மேலே கட்டியிருந்தாள். ரேஷன் அரிசியில் எனக்கும் சேர்த்து வடித்தாள். சுருதிப் பெட்டியை அழுத்திப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

"இந்த மழைல அப்பளமே நமுத்துப் போறது, தோல் வச்ச பெட்டியா நிக்கும்?" என்றாள் அக்கா. "இவன் தூங்கறச்சயே கிளம்பிடு. லோக்கல்ல லேடீஸ் டப்பா பாத்து ஏறு."

முழித்துக்கொண்டு தேடுவானே என்று நினைத்தேன். ஆனாலும் அவன் தூங்கும்போதே கிளம்பினேன்.

காலை ஒன்பது மணி வண்டி. குர்லாவில் மாறி மாதுங்காவில் இறங்கினால் கொஞ்ச நேரம் ஊர் மறந்துபோகிறது. பூக்கடை, காப்பிப்பொடி வாசனை, தமிழில் பெயர்ப்பலகை. மாநாட்டு மண்டபம் ஒரு மாடியில். புனா, பரோடா, சென்னையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். செய்து காட்டுவதற்காக, பாட்டுப் படிக்காத குழந்தைகள் வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன். தாராவித் தமிழ்ப் பள்ளி ஒன்றிலிருந்து சிறுமிகளை அழைத்து வந்திருந்தார்கள். பின்னல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுருதிக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஒரு மராத்திக்காரரை ஆர்மோனியத்தோடு உட்கார வைத்தார்கள். ரி ஸ்வரத்தில் எந்த ரிஷபம் என்று அவர் இந்தியில் கேட்டார். ச ஸ்வரமான ஷட்ஜத்தை மட்டும் பிடியுங்கள், போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழக்கம். "சுத்த ரிஷபம்" என்றேன். "சுத்த் ரே? அச்சா" என்று தலையாட்டினார்.

நம் சங்கீதத்தில் சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியே இருக்கும் தாழ்ந்த ரிஷபம். அவர்கள் சங்கீதத்தில் அதே பெயர் அதற்கு அடுத்த, உயர்ந்த ரிஷபத்துக்கு. பெயர் ஒன்று, இடம் வேறு. புத்தகத்தில் படித்ததுதான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நான் ச, ரி என்று பாடினேன். குழந்தைகள் இரண்டு முறை சரியாகவே திருப்பிப் பாடினார்கள். உதவி செய்வதாக நினைத்து, ஆர்மோனியக்காரரும் ரிஷபத்தை அழுத்தினார். அப்போது கீழே தெருவில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. என் காது அங்கே போய்விட்டது. திரும்பி வந்தபோது எல்லாரும் மேல் ரிஷபத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினேன். முன்வரிசையில் நின்ற செல்வி என்ற சிறுமியிடம், ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணு சொன்னிய டீச்சர், பெட்டி ஒண்ணு சொல்லிச்சு. பெட்டிதான் சத்தமா சொல்லிச்சு."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"பொறவு நீங்களும் அதத்தான பாடுனிய?"

பெயர்க் குழப்பத்தை மாநாட்டுத் தலைவரே சபைக்கு விளக்கினார், இதமாகத்தான் பேசினார். ஆனாலும் வாத்தியம் வேண்டாம், குரலே போதும் என்ற கட்டுரைக்கு இந்தக் காட்சி சாட்சி சொல்லவில்லையே என்றார். இன்னும் ஓராண்டு வகுப்பில் பார்த்துவிட்டுக் கட்டுரையை மறுபடி அனுப்பச் சொன்னார். செல்வியும் மற்றவர்களும் குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு தாராவிக்கு நடந்தார்கள், அந்த மேல் ரிஷபத்தையே பாடிக்கொண்டு.

செம்பூர் திரும்பியபோது ரவியின் தொண்டை கட்டியிருந்தது. மத்தியானம் முழுக்க அழுதானாம். "சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன்" என்றாள் அக்கா. தூக்கினேன். அவள் பக்கமே சாய்ந்தான்.

மறுநாள் தாதரிலிருந்து கிளம்பினோம். திருச்சியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிட்டது. பம்பாயில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கத்து வீட்டில் நம் ரிஷபம், அந்தப் பக்கத்து வீட்டில் அவர்களுடையது. இங்கே எனக்குப் போட்டியாக எந்தப் பெட்டியும் இல்லை. அதனால்தான் என் வகுப்பில் எல்லாம் சரியாக வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

தலைமையாசிரியை அறிக்கை கேட்கிறார். இந்த மாதமே கமிட்டி கூடுகிறது. ஒரு சொல்லால் வந்த குழப்பம் என்று மட்டும் எழுதினால் அது பொய்யில்லை. பாட்டு நேரமும் பிழைக்கலாம். என் குரலும் மாறியிருக்கலாம் என்று சேர்த்து எழுதினால், என் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு ஊசியும் நூலும்தான். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை எழுதாமல் விடுவது சரியா? சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வாசகர்கள் யாராவது இருந்தால், நான் எதை எழுத வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.