மேகலாவின் நிலத்து மணல்

மேகலா இறந்த செய்தி நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தவள் திரும்பி வந்துவிடுவாள் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் அழுகிற முகங்களை அனுப்பினீர்கள். நான் எதுவும் அனுப்பவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

அறிவியல் கண்காட்சிக்கு அவள் வைத்த தொட்டிகள் நினைவிருக்கிறதா? ஒன்றில் மணல், ஒன்றில் ஏரி வண்டல். இரண்டிலும் கேழ்வரகு விதைத்து, தைலமரத்து இலைகளை ஊறவைத்த தண்ணீரை ஊற்றினாள்.

"டீ போடறியா மேகலா? சக்கரை தூக்கலா போடும்மா" என்று கிண்டலடித்தேன் நான்.

"உனக்குத்தான்டி முதல் கிளாஸ்."

வண்டலில் பயிர் பச்சையாக வந்தது. மணலில் பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் மஞ்சளாகச் சுருண்டது. ஒன்று தப்பாகிவிட்டது, எடுத்துப் போடு என்றார் மிஸ்.

"ரெண்டுமே கரெக்ட்தான் மிஸ். வண்டலு அந்தச் சாறைப் புடிச்சு வெச்சுக்குது. அதுல இருக்கற நுண்ணுயிரும் கொஞ்சம் கொஞ்சமா அதைத் தின்னுடுது. மணல்ல நேரா வேருக்குப் போயிடுது."

அதை அவள் மதிப்பெண்ணுக்காகச் செய்யவில்லை. எங்கள் ஊரான கூரத்தில், எங்கள் தைலமரங்களை ஒட்டியதுதான் அவர்கள் நிலம். மரத்தோரம் விதைத்தது எதுவும் தேறுவதில்லை. கண்காட்சிக்குப் பிறகு, மரங்களை வெட்டச் சொல்லி அவள் அப்பா கேட்டார். என் அப்பா ஒரு தொட்டியில் தைல இலையைக் கலந்து, கேழ்வரகை முளைக்கவைத்து, அவரை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியாபா? எலைமேல பழி போடாத. உனக்கு வெவசாயம் வரல. அந்த நெலத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? எனக்கே குடுத்துடு."

அவர் தலை குனிந்தார். கூட வந்திருந்த மேகலா குனியவில்லை.

"அங்கிள், இது நீங்க கோடையில ஏரியிலேர்ந்து அடிச்ச வண்டலு. எங்களுது மணலு. எங்க மண்ணுல மொளைக்க வெய்ங்க, பாக்கலாம்."

அவர்கள் போனபின் அப்பா என்னிடம், "அவகூட இன்னொரு தபா பாத்தேன், ஸ்கூலுக்கே அனுப்பமாட்டேன்" என்றார். சொன்னால் செய்வார். அக்காவின் படிப்பு அப்படித்தான் நின்றது.

மறுநாள் மேகலா தன் நிலத்து மண்ணை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். "பயமா இருந்தா கொட்டிடுடி. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

நான் கொட்டவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால், இரண்டு கொட்டாங்குச்சிகளில் அதை நிரப்பி விதைத்தேன். ஒன்றில் மட்டும் தைல இலை. இலை போடாததில் பயிர் நிமிர்ந்து வந்தது. போட்டதில் வந்த நாலைந்தும் சுருண்டுவிட்டன. அவளிடம் சொல்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

நாளைக் காலை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அப்பா தன் தொட்டியை வைத்து, அந்த நிலத்தை எழுதிக் கேட்கப்போகிறார். மகளைப் பறிகொடுத்தவருக்கு வாதாடத் தெம்பில்லை. "கையெழுத்துப் போட்டுடறேன், வுட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மேகலாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கொஞ்சம் மணலும், எங்கள் வாசலில் நின்று நடுங்காமல் பேசிய அவள் குரலும்தான். இரண்டு கொட்டாங்குச்சிகளின் படத்தையும் இதோடு அனுப்புகிறேன். காலையில் அவற்றை நானே கூட்டத்துக்குக் கொண்டுபோவேன். வழியில் அப்பா பிடுங்கி எறிந்துவிட்டால், கூரத்தில் இருப்பவர்கள் யாராவது அந்தப் படத்தைக் காட்டுங்கள். திங்கட்கிழமை என் இடம் காலியாக இருந்தால், ஏன் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.