மறுக்கக் கற்பித்தல்

அருங்காட்சியகப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிப்பது ஓய்வுக்குப் பின்னும் நான் விடாத வேலை. கோவில்பட்டிப் பயிற்சியில் கடைசிப் பாடம் மறுப்பது. மக்கள் அன்போடு கொண்டுவரும் அனைத்தையும் வாங்கினால் எதையும் பேண முடியாது. மனம் நோகாமல் மறுக்கத் தெரிய வேண்டும்.

பொருள் கொடுக்க வருபவராக எப்போதும் என் மனைவிதான் நடிப்பாள். எங்கள் வீட்டு ஈயம் பூசிய பித்தளைத் தூக்குவாளியை மேசைமேல் ணங்கென்று வைத்து, "எங்க மாமியா பொழங்குன சாமான். ஒங்களுக்கு எளக்காரமா போச்சோ?" என்று மல்லுக்கு நிற்பாள். எதிரில் இருப்பவர் வியர்த்துப்போய் வாங்கிக்கொண்டதும், "இவிய தேற மாட்டாவ" என்று சிரிப்பாள்.

இவ்வாண்டு அவள் இல்லை. அந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்றார்கள். பாடம் உண்டு என்றேன். தூக்குவாளியை நானே எடுத்துச் சென்றேன்.

எதிரில் அமர்ந்தவர் எட்டயபுரத்திலிருந்து வரும் உதவிக் காப்பாட்சியர், நாற்பதைக் கடந்தவர், சென்ற முறை என் மனைவியிடம் தோற்றவர். தூக்குவாளியைக் கண்டதும் இரு கைகளையும் நீட்டினார். பக்கத்திலிருந்த சக பணியாளர், "வாங்கி வச்சிருங்கக்கா. அவியளுக்கு ஆறுதலா இருக்கும்லா" என்று முணுமுணுத்தார்.

"கேக்க வேண்டியதைக் கேளுங்கம்மா" என்றேன்.

நீட்டிய கைகள் மடிக்குத் திரும்பின.

"யாரு பொழங்குனது, சார்?"

"என் வீட்டுக்காரி."

"எதுக்கு?"

"கரிசல்ல அகழாய்வுக் குழிக்கு எனக்குச் சோறு கொடுத்தனுப்ப."

"பேரு வெட்டியிருக்கா?"

"இல்லை."

அவர் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். "இதே மாதிரி எங்ககிட்ட நாலு கெடக்கு, சார். இது வேண்டாம்."

இந்த இடத்தில் என் மனைவி விடமாட்டாள். நானும் விடக் கூடாது.

"எளக்காரமா போச்சோ?" என்றேன். குரல் பிசகவில்லை.

அவர் கண்கள் கலங்கின. ஆனாலும் தூக்குவாளியை என் பக்கம் நகர்த்தினார். "எளக்காரம் இல்ல, சார். எங்ககிட்ட தந்தா பெட்டிக்குள்ளதான் கெடக்கும். வீட்டுல வச்சிப் பொழங்குங்க. நாங்க வாங்க மாட்டோம்."

"தேறிட்டீங்க" என்றேன்.

பிறகு அந்தச் சக பணியாளர் எழுந்து, "டீ வாங்கியாரணும். அதைத் தாங்க சார், சும்மாதான இருக்கு" என்றார்.

கொடுத்தேன். மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். அழுத்திப் பிடித்துத் திருப்பினால்தான் சிந்தாது என்பதையும் செய்து காட்டினேன்.