நான் சிபாரிசு செய்த வால்வு

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் வட்டத்தில் யார் எதை வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். கார், மெத்தை, டிஷ்வாஷர், எதுவானாலும் எக்செல் ஷீட் போட்டு அலசித் தீர்ப்புச் சொல்வேன். சம்பளம் இல்லாத உத்தியோகம். ஆனால் தலைகால் புரியாத பெருமை.

அப்படித்தான் பக்கத்துத் தெரு நண்பரும் வந்தார். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள், மாண்டரே கடலில் ஸ்கூபா டைவிங் போகிறவள். முதுகில் இரண்டு டேங்குகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்க ஆசைப்பட்டாள். டேங்குகள் வாங்கியாயிற்று. அவற்றின் வாயில் திருகி, இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கும் வால்வு செட்தான் பாக்கி. மேனிஃபோல்டு என்பார்கள். நான் நீச்சல் குளத்தில்கூட இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாதவன். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனா? எவ்வளவு அழுத்தம் தாங்கும், ஒரு பக்கம் கசிந்தால் நடுவில் அடைக்க முடியுமா என்றெல்லாம் ஒப்பிட்டு, ஐரோப்பாவில் செய்த ஒன்றைக் காட்டி, “கண்ண மூடிட்டு வாங்குங்க” என்றேன். அவரும் வாங்கினார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, டைவர்கள் எழுதும் தளம் ஒன்றைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. அவள் டேங்குகளின் வாயில் இருப்பது முக்கால் இன்ச் திருகு மரை. நான் சொன்ன வால்வில் இருப்பது இருபத்தைந்து மில்லிமீட்டர் மரை. திருகினால் உள்ளே போகும், லேசாக ஆடும், அவ்வளவுதான். ஆனால் காற்று நிரப்பும்போது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறக்கும். எதிரில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். என் ஷீட்டில் வால்வின் நிறத்துக்குக்கூட ஒரு தனி வரிசை இருந்தது. மரைக்கு இல்லை.

உடனே நண்பருக்குப் போன் செய்தேன். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அதவிட நல்ல மாடல் ஒண்ணு சேல்ல வந்திருக்கு. இத ரிட்டர்ன் பண்ணிடுங்களேன்.”

“எதுக்கு சார், நீங்க சொன்னதே போதும். வீக்கெண்ட் பொண்ணு வந்து ஃபிட் பண்ணிடுவா.”

சரி என்று வைத்துவிட்டேன். காற்று நிரப்பும் கடையில் எப்படியும் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

சனிக்கிழமை காலை அந்தச் சமாதானம் எடுபடவில்லை. கடையில் கவனிக்காமல் நிரப்பினால்? பக்கத்தில் அந்தப் பெண்தானே நிற்பாள்? போன் செய்தேன், நண்பர் எடுக்கவில்லை. போட்டது போட்டபடி அவர் வீட்டுக்கு ஓடினேன். காரின் பின்பக்கம் திறந்திருந்தது. வால்வு பூட்டிய டேங்குகள் உள்ளே படுத்திருந்தன. அப்பாவும் மகளும் காற்று நிரப்பும் கடைக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். நண்பரின் முகம் வெளுத்தது.

“மாட்டும்போதே லூசா இருக்குன்னு சொன்னா சார். நான்தான், அங்கிள் செலக்ட் பண்ணது கரெக்டாதான் இருக்கும்னேன்.”

மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். “அங்கிள், யூ கால்ட் டாட் ஆன் தர்ஸ்டே. டிட் யூ நோ தென்?”

“தெரியும்மா.”



“விடும்மா, நமக்காகத்தான ஓடி வந்திருக்காரு,” என்று நண்பர் என் தோளைத் தட்டி, உள்ளே காபி சாப்பிடக் கூப்பிட்டார். அவளோ அந்த ஜோடி டேங்கைத் தனியாகவே கீழே இறக்கத் தொடங்கினாள். பாரம் அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நான் கை கொடுக்கப் போனேன்.

“ஐ காட் இட்,” என்றாள், என்னைப் பார்க்காமலே.